கிட்டடியில உங்கட வீட்டுக்குள்ள உண்மையா வந்து சேர்ந்த புதுக் கண்டுபிடிப்பு எது? (கொழும்பு ஆக்கள் மட்டும்)

#1 வெள்ளவத்தை வாசி

பேப்பரைத் திறந்தால் கிழமைக்கு ஒரு புரட்சி. மரபணுவைத் திருத்தினமாம், கணினி நோபல் பரிசு வாங்கிக் குடுத்ததாம், ஊசி போட்டால் தொப்பை வத்துமாம். சந்தோஷம். நான் கேக்கிறது வேற. கொழும்பில, எங்கட தொடர்மாடிக்குள்ள, எங்கட குசினிக்குள்ள, இதில எது வந்து சேர்ந்தது?

என்ர வோட்டு வொல்பாக்கியா நுளம்புக்கு, அதுதான் டெங்குவைக் குறைக்கிறதுக்கெண்டு ஒரு பக்டீரியாவை உள்ளுக்கு ஏத்தி வளர்த்த நுளம்பு. 2020இல நுகேகொடைப் பக்கமும் கொழும்பு மாநகர எல்லைக்குள்ள சில இடங்களிலயும் கொண்டுவந்து விட்டவை. காசு குடுத்து வாங்கத் தேவையில்லை, ஃபோனில ஏத்தத் தேவையில்லை, ஜன்னலைத் திறந்து வைச்சால் காணும். வேற எந்தக் கண்டுபிடிப்பு இவ்வளவு லேசா வீட்டுக்குள்ள வரும்?

ஒரு நிபந்தனை. வட்ஸ்அப்பில வந்ததை அப்பிடியே ஒட்டாதேங்கோ. பாத்ததை, தெரிஞ்சதைச் சொல்லுங்கோ.

#2 மட்டக்குளி மாறன்

நல்ல தமாஷ். நாங்க புகை அடிக்கச் சொல்லி மனு எழுதுறோம், அவங்க நுளம்பு வளர்த்துக் கொண்டாந்து விடுறாங்க. இத எங்க ரோட்டுல சொன்னீங்கன்னா அடிக்க வருவாங்க. இங்க கான் அடைச்சு மாசக்கணக்கா கெடக்கு. அதைத் தோண்டிவிட விஞ்ஞானம் தேவையில்ல, ரெண்டு மம்பட்டி போதும்.

#3 நுண்ணோக்கி

மாறன் அண்ணா, நான் ஒரு ஆய்வுகூடத்துல வேலை செய்றன். நுளம்பு என்ட துறை இல்ல, ஆனா டெங்கு ரிப்போர்ட் நாள்தோறும் கையால போகுது. கான் தோண்டத்தான் வேணும், அதுல சண்டை இல்ல. ஆனா கானுக்குள்ள பெருகுறது அநேகமா கியூலெக்ஸ். ராவுல காதுக்குள்ள வந்து பாடுறது அதுதான், அது டெங்கு பரப்பாது. டெங்குக்காரி ஈடிஸ் இஜிப்டி. காலமையும் பின்னேரமும் கடிக்கும். அதுக்குத் தெளிஞ்ச தண்ணி வேணும்: ஃபிரிஜ்ஜுக்குப் பின்னால இருக்கிற தட்டு, ஏசி சொட்டுறதுக்கு வைக்கிற வாளி, பாவிக்காத டொய்லட்டின்ட தொட்டி, லிஃப்ட் குழி. தூரம் பறக்கிறதும் குறைவு, நூறு இருநூறு மீற்றர்தான். உங்களைக் கடிச்சது உங்கட கட்டடத்திலயோ அடுத்த வளவிலயோ பிறந்ததா இருக்கும். புகை பறக்கிற நுளம்பைத்தான் கொல்லும். முட்டைக்கும் புழுவுக்கும் அது ஒண்டும் செய்யாது, ஒரு கிழமை பத்து நாள்ல அடுத்த செட் வந்திடும்.

வொல்பாக்கியா ஒரு பக்டீரியா. பூச்சி இனங்கள்ல அரைவாசிக்குக் கிட்ட இயற்கையாவே இருக்கு, ஈடிஸ் இஜிப்டியில இல்ல. அவுஸ்திரேலியாவில ஸ்கொட் ஓ'நீல் என்டவரின்ட குழு பழ ஈயில இருந்த ஒரு வகையை எடுத்து ஈடிஸ் முட்டைக்குள்ள ஏத்தினாங்க. அது உள்ளுக்கு இருந்தா டெங்கு வைரசுக்கு அந்த நுளம்புக்குள்ள லேசில பெருக ஏலாது. கெட்டித்தனம் எங்க என்டா, பரவுற விதத்துல. வொல்பாக்கியா உள்ள ஆண், இல்லாத பெண்ணோட சேர்ந்தா முட்டை பொரிக்காது. பெண்ணுக்கு இருந்தா குஞ்சுகளுக்கும் போகும். அதால சில மாசம் விட்டிட்டு நிப்பாட்டினாலும் அதுவே இடத்தைப் பிடிச்சுக்கொள்ளும். இந்தோனேசியாவுல யோக்யகார்த்தா நகரத்தை 24 துண்டாப் பிரிச்சு, பன்னிரண்டுல விட்டு, மற்றப் பன்னிரண்டுல விடாமப் பார்த்தாங்க. 2021இல முடிவு வந்தது: விட்ட இடத்துல டெங்கு 77 சதவீதம் குறைவு, ஆஸ்பத்திரியில சேர்றது 86 சதவீதம் குறைவு.

சிங்கப்பூர்ல செய்றது வேற மாதிரி. அவங்க ஆண் நுளம்பை மட்டும் விட்டு இனத்தையே குறைக்கிறாங்க. அதை நிப்பாட்டாமச் செய்துகொண்டே இருக்க வேணும். காசுள்ள ஊருக்குத்தான் அது சரி.

#4 மட்டக்குளி மாறன்

யோக்யகார்த்தா, சிங்கப்பூர் எல்லாம் சரி தங்கச்சி. கொழும்புல எவ்வளவு கொறைஞ்சிச்சு? அதைச் சொல்லுங்க முதல்ல.

#5 பழைய வாத்தியார்

மாறன் கேட்பது சரியான கேள்வி. ஆனால் விடையை எங்கே தேடுவது என்று பாருங்கள். 2019இல் நாடு முழுவதும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட டெங்கு நோயாளர்கள். 2020இல் சுமார் 31 ஆயிரம். நுளம்பு விட்ட வருடமும் அதுதான், ஊரடங்கு போட்ட வருடமும் அதுதான். பாடசாலை பூட்டு, அலுவலகம் பூட்டு, காய்ச்சல் வந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போகப் பயம். நுளம்பு விடாத மாவட்டங்களிலும் எண்ணிக்கை விழுந்தது. இந்த வீழ்ச்சியைக் காட்டி எவராவது வொல்பாக்கியாவுக்கு மாலை போட்டால் நம்பாதீர்கள். அதே வீழ்ச்சியை வைத்துக்கொண்டு அது தோற்றது என்றும் சொல்ல முடியாது. விட்ட துண்டு, விடாத துண்டு என்று சீட்டுப் போட்டுப் பிரித்து ஒப்பிட்டதால்தான் யோக்யகார்த்தா முடிவுக்குப் பெறுமதி.

இன்னொன்று. பழ ஈயிலிருந்து எடுத்த அந்த வகைக்குக் கடுஞ்சூடு ஆகாது. நுளம்புப் புழு இருக்கும் தண்ணீர் மிகவும் சூடானால் பக்டீரியா குறைந்து போகும். மலேசியாவில் இதற்காகவே வேறு வகையைத் தேர்ந்தார்கள். கொழும்பில் நிழலில் வைத்த வாளிக்குள் பிரச்சினை இல்லை. வெயிலில் காயும் தகரப் பீலிக்குள் என்ன நடக்கும் என்பதை யோசிக்க வேண்டும்.

நுளம்பை நம்மால் வெல்ல முடியாது என்பவர்களுக்கு மலேரியாக் கதையைச் சொல்கிறேன். 1934-35இல் ஏறத்தாழ 80 ஆயிரம் பேரை அது கொன்றது. டி.டி.ரீ. பூச்சிமருந்து அடித்து 1963இல் வருடத்துக்கு 17 நோயாளர் என்ற நிலைக்குக் கொண்டுவந்தோம். வெற்றி என்று நினைத்துக் கையை எடுத்தோம். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் லட்சக்கணக்கில் திரும்பி வந்தது. பிறகு எத்தனையோ வருடம், யுத்த காலத்திலும்கூட, இரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் பூசி எடுத்து, காய்ச்சல்காரனின் வீடு தேடிப் போய், ஒவ்வொருவராகப் பின்தொடர்ந்தார்கள். 2012 ஒக்டோபருக்குப் பிறகு மூன்று வருடங்களுக்கு மேல் உள்ளூரில் தொற்றிய நோயாளர் இல்லை. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் தந்தது. அந்தக் காலப் பகுதியில்தான் மன்னாரில் ஸ்டீபன்சி என்ற, மலேரியா பரப்பும் புது அனோபிலிஸ் நுளம்பைக் கண்டார்கள். நகரத்துத் தண்ணீர்த் தொட்டியிலும் கிணற்றிலும் வளரக்கூடியது. ஆகவே கண்ணாடித் துண்டை இன்னும் பெட்டிக்குள் வைக்கவில்லை.

#6 கொம்பனித்தெரு நானா

வாத்தியார் சேர் சொன்னா அதுல ஒரு கணக்கு இருக்கும். எங்கட லேன்ல சுகாதாரப் பரிசோதகர், பி.எச்.ஐ., வந்தா பூச்சாடியைத் தூக்கிப் பார்ப்பார், கொமட்டை எட்டிப் பார்ப்பார், உம்மாட கைகழுவுற பேசினைக்கூடப் பார்த்தார். லேன் முடிவுல ஒரு பெரிய கட்டடம் எழும்புது. கொங்கிரீட் போட்டு, அதுக்கு மேல தண்ணி கட்டி விட்டு, வேலையை நிப்பாட்டிட்டுப் போயிட்டாங்க. அங்க ஏறிப் பார்த்த ஆளை நாங்க காணல்ல. ஏழை வீட்டு யோகட் கப்புக்குத்தான் சட்டம்.

நான் கேக்க வந்தது வேற. ஜகார்த்தாவுல வேலை செய்ற மச்சான் சொல்றான், அங்க பிள்ளைக்கு டெங்கு ஊசி போட்டானாம். அது உண்மையா? இருந்தா இங்க ஏன் இல்ல?

#7 இரவு ஷிஃப்ட்

உண்மைதான் நானா. கியூடெங்கா என்டு பேர், ஜப்பான் கம்பனி தக்கேடா செய்றது. மூணு மாச இடைவெளியில ரெண்டு ஊசி. 2022இல முதல் அனுமதி குடுத்த நாடே இந்தோனேசியா. டெங்கு கூடின இடங்கள்ல 6 வயசுல இருந்து 16 வயசு வரை போடலாம் என்டு உலக சுகாதார நிறுவனம் 2023இல சொல்லிச்சு. பிரேசில் 2024இல அரச செலவுல தொடங்கினது. இப்ப அவங்களே சாவோ பாவுலோவுல புட்டான்டான் நிறுவகத்துல ஒரே ஊசியோட முடியிற மாதிரி ஒண்டு செய்து, 2025 நவம்பர்ல அனுமதியும் எடுத்திட்டாங்க.

எல்லாரும் பொறுமையாப் போறதுக்குக் காரணம் பிலிப்பைன்ஸ். அங்க 2016இல சனோஃபியின்ட டெங்வாக்சியாவை ஸ்கூல் பிள்ளைகளுக்குப் பெருவாரியாப் போட்டாங்க. முன்னம் டெங்கு வராத பிள்ளைக்கு அந்த ஊசி போட்டா, பிறகு உண்மையான டெங்கு வரேக்க கடுமையாகலாம் என்டு 2017 கடைசியில கம்பனியே சொல்ல வேண்டி வந்தது. டெங்குவுல நாலு வகை. ஒண்டுக்கு வந்த எதிர்ப்பு மற்றதுக்குக் கதவு திறந்து விடலாம். இந்த ஊசியைச் செய்றது கஷ்டமாப் போனதே அதாலதான். கியூடெங்காவிலயும் முன்னம் டெங்கு வராத பிள்ளைகளுக்கு மூண்டாம், நாலாம் வகைக்கு எதிரா எவ்வளவு பாதுகாப்பு என்டு உறுதியாச் சொல்லத் தரவு போதாது.

இதையும் சொல்லுறன். அந்த ஊசியின்ட பெரிய ஆய்வு எட்டு நாட்டுல நடந்தது, இருபதாயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள். அதுல இலங்கையும் ஒரு நாடு.

#8 மட்டக்குளி மாறன்

அதானே பாத்தேன். சோதிச்சுப் பாக்க எங்க புள்ளைங்க, போட்டுக்க வேற நாட்டுப் புள்ளைங்க. தேசிய அட்டவணையில அந்த ஊசி இருக்கா? இல்ல. நுளம்பு மட்டும் இலவசமா வரும்.

#9 பழைய வாத்தியார்

கோபம் நியாயம். ஆனால் அவசரப்பட்டுச் சேர்க்காததையும் குற்றம் என்று எழுத மாட்டேன். ஒரு பிள்ளைக்கு இரண்டு ஊசி, அதுவும் வருடா வருடம் புதிதாக வயதுக்கு வரும் பிள்ளைகளுக்கு. வாங்கும் பணத்தை எந்தப் பெட்டியிலிருந்து எடுப்பது என்று கேட்காமல் ஊசி கேட்க முடியாது. 2017இல் ஆறாம் வகுப்புப் பெண் பிள்ளைகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசியைச் சேர்த்தார்கள். கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசி. முதல் பதிவில் கேட்ட கேள்விக்கு என் விடை அதுவே. பிள்ளையின் கையில் ஏறிவிட்டது, ஆனால் எவரும் அதைப் புரட்சி என்று பேப்பரில் போடவில்லை.

#10 நுண்ணோக்கி

சேர் சொன்னது நல்ல வோட்டு. நான் கூடாத ஒண்டைப் பற்றிச் சொல்றன், அதுவும் வீட்டுக்குள்ள வந்ததுதான்.

ரிப்போர்ட்டைப் படம் எடுத்து ஃபோன்ல ஏஐயிட்டக் கேக்கிற பழக்கம். இப்ப கவுண்டர்ல நிண்டுகொண்டே கேக்கிறாங்க. கிட்டடியில ஒரு பொடியன், அம்மாவுக்குக் காய்ச்சல் நாலாம் நாள். பிளேட்லட் 1,12,000. ஃபோன் அழகான தமிழ்ல பதில் சொல்லியிருக்கு: சற்றுக் குறைவு, ஓய்வெடுங்கள், நிறைய நீர் அருந்துங்கள். பிழையான வசனம் ஒண்டும் இல்ல. ஆனா முதல் நாள் ரிப்போர்ட் அவர்ட பையில மடிச்சு இருந்தது. அதுல பிளேட்லட் 1,68,000, பிசிவி (இரத்தத்துல சிவப்பணு எத்தனை சதவீதம் என்ட அளவு) 36. இண்டைக்கு பிசிவி 42. ரெண்டு தாளையும் பக்கத்துல வைச்சுப் பார்த்தா, பிளேட்லட் விழுது, இரத்தம் தடிக்குது. அந்த அம்மா அண்டு பின்னேரமே வார்டுல இருக்க வேணும். அவர் ஃபோனுக்குக் காட்டினது ஒரு தாளை. அது ஒரு தாளுக்குப் பதில் சொல்லிச்சு.

ஏஐ கூடாது என்டு சொல்ல வரல்ல. இங்கிலீஷ்ல மட்டும் வர்ற ரிப்போர்ட்டை ஒரு அம்மாவுக்கு விளக்கிறதுக்கு அது நல்லாப் பிரயோசனம். முதல் நாள் ரிப்போர்ட்டையும் சேர்த்துக் காட்டுங்க, காய்ச்சல் எத்தனையாம் நாள் என்டும் சொல்லுங்க. அப்ப வர்ற பதில் வேற.

#11 இரவு ஷிஃப்ட்

நுண்ணோக்கி சொன்ன அந்த பிசிவியைப் பற்றி எழுதாட்டி எனக்கு இண்டைக்கு நித்திரை வராது. டெங்கு வார்டுக்குள்ள வந்து பார்த்திருக்கீங்களா?

எல்லாரும் பிளேட்லட்டைத்தான் கேப்பாங்க. "மிஸ், எத்தின?" பப்பாசி இலைச் சாறு கொண்டு வருவாங்க, கிவி கொண்டு வருவாங்க. பிளேட்லட் எங்களுக்கு மணி அடிக்கும், அவ்வளவுதான். ஒரு லட்சத்துக்குக் கீழ போனா ஆபத்துக் கட்டம் வாசலுக்கு வந்திட்டு என்டு அர்த்தம். ஆளைக் கொல்றது அநேகமா பிளேட்லட் குறைவு இல்ல, இரத்தக் குழாயில இருந்து நீர் கசியிறது. கசிவு தொடங்கினா 24 தொடக்கம் 48 மணித்தியாலம். அதுவும் பெரும்பாலும் காய்ச்சல் விட்ட பிறகு. "காய்ச்சல் விட்டிட்டு மிஸ், வீட்டை போறம்" என்டு சொல்ற நாள்தான் எங்களுக்கு நெஞ்சு இடிக்கும்.

அந்த நேரத்துல தண்ணி குறைஞ்சா ஆள் ஷொக்குக்குப் போகும். கூடினா நுரையீரலைச் சுத்தித் தண்ணி கட்டும். அதால எங்கட டெங்கு சிகிச்சை வழிகாட்டியில ஒரு கணக்கு இருக்கு. 50 கிலோ எடைக்கு, ஆபத்துக் கட்டம் முழுக்க, அதாவது 48 மணித்தியாலத்துக்கு, மொத்தம் 4600 மில்லிலீற்றர். சேலைனும் அதுக்குள்ளதான், வாயால குடிக்கிறதும் அதுக்குள்ளதான், அம்மா ஃபிளாஸ்க்ல கொண்டு வந்த சூப்பும் அதுக்குள்ளதான். அதாலதான் சூப் குடிச்சா சொல்லுங்கோ என்டு நாங்க கத்துறது. சலம் எவ்வளவு போகுது என்டு அளக்கிறம். விரல் நகத்தை அமத்தி விட்டா ரெண்டு செக்கனுக்குள்ள சிவப்புத் திரும்ப வேணும். பிரஷர்ல மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் இடைவெளி 20க்கு வந்தா ஓட்டம்தான். பிசிவிக்கு ஆய்வுகூடத்துக்கு அனுப்பிக் காத்திருக்கிறதில்ல. விரல்ல குத்தி, நூல் மாதிரி மெல்லிசான கண்ணாடிக் குழாய்க்குள்ள இரத்தத்தை இழுத்து, வார்டிலயே சின்ன மெஷின்ல அஞ்சு நிமிஷம் சுத்தி, அளவுச் சட்டத்துல வைச்சு வாசிக்கிறம். ராவு ரெண்டு மணிக்கும் வாசிக்கிறம்.

கணக்கைப் பாருங்கோ. 2009இல நாட்டுல 35 ஆயிரம் பேருக்கு டெங்கு, 346 பேர் செத்தாங்க. நூற்றுக்கு ஒண்டு. 2017இல ஒரு லட்சத்து 86 ஆயிரம் பேர், வார்டுல நிலத்துல பாய், வராந்தாவுல கட்டில். செத்தது 440. ஆயிரத்துக்கு ரெண்டு மூணு. இடையில புது மருந்து ஒண்டும் வரல்ல. டெங்குவுக்கு இண்டைக்கும் மருந்து இல்ல. வந்தது ஒரு வழிகாட்டியும், இந்த அளவெல்லாம் குறிக்கிற ஒரு தாளும், அந்தக் கண்ணாடிக் குழாயும். மாறன் அண்ணா, கொழும்புல என்ன குறைஞ்சது என்டு கேட்டீங்களே.

வீட்டுல காய்ச்சல் என்டா பனடோல் மட்டும். ஐபுரூஃபன் வேணாம், டைக்ளோஃபெனக் வேணாம், மெஃபனமிக் வேணாம், ஆஸ்பிரினும் வேணாம். பாமசியில கேட்டா தந்திடுவாங்க, நீங்க கேக்காதீங்கோ.

#12 மட்டக்குளி மாறன்

2017ல எங்க அக்கா அந்த வராந்தாவுலதான் கெடந்தாங்க. நல்லா பாத்தாங்க, அதை சொல்லணும். பாயில ஒக்காந்து மிஸ் ஒருத்தவங்க யூரின் போத்தலை வெளிச்சத்துக்கு தூக்கி அளவு பாத்தது இன்னும் ஞாபகம்.

ஆனா கான் கான்தான்.

#13 ஏ.எல். பிள்ளை

பயோ படிக்கிற ஆள் நான். எல்லாரும் நுளம்புலயே நிக்கிறீங்க! அல்ஃபாஃபோல்ட் பற்றி ஒருத்தரும் சொல்லல. புரதம் எப்பிடி மடியும் என்டு கணினி சொல்லுது. 2024 இரசாயன நோபல்ல பாதி அதுக்குத்தான், ஹசாபிஸ், ஜம்பர். அடுத்தது கிறிஸ்பர், மரபணுவை வெட்டித் திருத்துற முறை. பரம்பரையா வர்ற இரத்த வருத்தம் தலசீமியாவுக்கு காஸ்ஜெவி என்டு சிகிச்சை, 2023 நவம்பர்ல பிரிட்டன் முதல் அனுமதி. நோயாளியின்ட ஸ்டெம் செல்லையே எடுத்து, மரபணுவை வெட்டி, பிள்ளை வயித்துல இருக்கேக்க செய்ற ஹீமோகுளோபினைத் திரும்பச் செய்ய வைக்கிறாங்க. அநேகமானவங்களுக்கு இரத்தம் ஏத்தத் தேவையே இல்லாமப் போகுது!

#14 வெள்ளவத்தை வாசி

தம்பி, அல்ஃபாஃபோல்ட் பெரிய விஷயம்தான். வீட்டுக்குள்ள வந்ததோ?

#15 நுண்ணோக்கி

தலசீமியா வந்திருக்கு, சிகிச்சைதான் வரல்ல. காஸ்ஜெவியின்ட விலை அமெரிக்காவுல ஒரு ஆளுக்கு 22 லட்சம் டொலர். அதோட முதல்ல கடுமையான கீமோ குடுத்து எலும்பு மச்சையை வெறுமையாக்க வேணும். குருநாகல்ல தலசீமியாவுக்கு என்டே ஒரு நிலையம் இருக்கு. அங்க மாசா மாசம் இரத்தம் ஏத்த வர்ற பிள்ளைகளுக்கு இந்தச் செய்தி எவ்வளவு தூரத்துல இருக்கு என்டு யோசிச்சுப் பாருங்க தம்பி.

ஆனா நீங்க படிக்கிற பயோவுல இதுக்கு இன்னொரு வழி இருக்கு. சாதாரண எஃப்பிசி, அதாவது முழு இரத்த எண்ணிக்கை ரிப்போர்ட்டுல, எம்சிவி (சிவப்பணுவின்ட பருமன்) 80க்குக் கீழ, அல்லது எம்சிஎச் (அதுக்குள்ள இருக்கிற ஹீமோகுளோபின்) 27க்குக் கீழ என்டா, இரும்புச்சத்துக் குறைவா, தலசீமியாக் காவியா என்டு அடுத்த டெஸ்ட் செய்து பார்க்கலாம். காவி என்டா அந்த மரபணுவை ஒரு பக்கம் மட்டும் சுமக்கிற, சுகமான ஆள்தான். ரெண்டு காவிகள் கலியாணம் செய்தாத்தான் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலுல ஒரு பங்கு ஆபத்து. சாதகம் பார்க்கிற வீட்டுல இந்தத் தாளையும் ஒருக்காப் பார்த்தா என்ன?

#16 கொம்பனித்தெரு நானா

எங்கட ஆக்கள்ல சொந்தத்துக்குள்ள முடிக்கிறது இருக்கு. பள்ளியில நிக்காஹ் பதியேக்க இதைச் சொல்றதுக்கு ஒரு டொக்டர் வந்தா நான் முன்வரிசையில உக்காருவன். மகனுக்குப் பேசிட்டு இருக்கம், இந்தக் கிழமை எஃப்பிசி எடுக்கச் சொல்றன்.

#17 ஐம்பது ஹேர்ட்ஸ்

மருத்துவத்தை விட்டுட்டுக் கொஞ்சம் கூரைக்கு வாங்கோ. மின்சாரத் துறையில இருக்கிறன், எங்கே எண்டு கேளாதேங்கோ.

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை பகல், நாடு முழுக்கக் கரண்ட் போனது. பாணந்துறை உப மின்நிலையத்தில குரங்கு பாய்ஞ்சதெண்டு அமைச்சர் சொன்னார். உலகமே சிரிச்சது. குரங்கு பாய்ஞ்சால் ஒரு ஊருக்குக் கரண்ட் போகலாம், நாட்டுக்கு ஏன் போகோணும்? ஞாயிறு, கந்தோர் பூட்டு, பாவனை குறைவு. வெயில் உச்சம், கூரைச் சோலார் எல்லாம் முழு மூச்சில. சோலார் கூடக் கூட, நீர், அனல் இயந்திரங்களைக் குறைச்சு வைச்சிருந்தவை. பாரமான இயந்திரம் சுத்திக்கொண்டிருந்தால், கையை எடுத்தாலும் கொஞ்ச நேரம் சுத்துற ஆட்டுக்கல் போல, ஒரு அடி விழுந்தாலும் கரண்டின்ர அதிர்வெண்ணை 50 ஹேர்ட்ஸில பிடிச்சுக்கொண்டு நிக்கும். சோலாரில சுத்துறதுக்கு ஒண்டும் இல்லை. அடி விழ அதிர்வெண் சறுக்கும், சோலார் கரண்டை வீட்டுக் கரண்டாக மாத்துற இன்வேட்டர்கள் தங்களைக் காப்பாத்த விலகும், விலக இன்னும் சறுக்கும். நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையத்தில மூண்டு இயந்திரமும் நிண்டது. அதைத் திருப்பி எழுப்ப நாள்க்கணக்கு. அதுதான் பிறகு ஒண்டரை மணித்தியால வெட்டு.

அதுக்குப் பிறகு சித்திரைப் புத்தாண்டு லீவில, பின்னேரம் 3 மணி வரை கூரைச் சோலாரை நிப்பாட்டி வையுங்கோ எண்டு மின்சார சபை கேட்டது. கடன் எடுத்துச் சோலார் போட்ட சனத்துக்கு எப்பிடி இருந்திருக்கும்? பிழை சோலாரில எண்டு நான் சொல்லேல்லை. சேமிக்க பற்றரி இல்லாமல், கட்டுப்படுத்த வழி இல்லாமல், கூரை கூரையாகக் கூட்டிக்கொண்டு போனதுதான் பிழை. எங்களுக்குக் கரண்ட் தேவைப்படுறது பின்னேரம் ஆறரைக்கும் பத்தரைக்கும் இடையில. சூரியன் அப்ப கடலுக்குள்ள.

சோலார் போட்டிருக்கிற ஆக்கள் கனபேருக்குத் தெரியாத ஒண்டு: லைன் கரண்ட் போனால் சாதாரண இன்வேட்டரும் நிக்கும். கம்பத்தில வேலை செய்யிற ஆளுக்கு உங்கட கூரையால ஷொக் அடிக்காமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. பற்றரியும் அதுக்கேத்த இன்வேட்டரும் இருந்தால்தான் கரண்ட் போன நேரம் உங்கட வீட்டில ஃபேன் சுத்தும்.

#18 மட்டக்குளி மாறன்

எங்க கூரை தகரம், வீடு வாடகை. சோலார் போட வீட்டுக்காரரு விடுவாரா? வெள்ளவத்தை பிளட்ல இருக்கிறவங்களுக்கும் அதே கததான், ஒரு மொட்டை மாடி, நாப்பது குடும்பம். இது வீட்டுக்குள்ள வரல, சில பேரு வீட்டு மேல வந்துச்சு.

என் வோட்டு பெட்ரோல் க்யூஆருக்கு. 2022 பெட்ரோல் தட்டுப்பாட்டுல மூணு நாள் லைன்ல தூங்கின ஆளு நான், திரீவீல்காரன். க்யூஆர் வந்ததும் கோட்டா கொஞ்சம்னாலும், எவ்வளவு வரும்னு தெரிஞ்சு வீட்டுக்குப் போனேன்.

#19 மட்டுறுத்துநர்

கரண்ட் பில் பற்றி வந்த பதிவுகளைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். இங்கே தலைப்போடு நில்லுங்கள்.

#20 பம்பலப்பிட்டி புவனா

நான் வாசிக்கிற ஆள் மட்டும், எழுதுறதில்லை. தொப்பை ஊசி எண்டு முதல் பதிவில இருந்தபடியால் கேக்கிறன். இவருக்குச் சீனி வருத்தம், எடையும் கூட. ஆரோ சிநேகிதர் இந்தியாவில இருந்து அந்த ஊசி, செமாக்ளூடைட் பேனை, கொண்டு வந்து தாறன் எண்டு சொல்லியிருக்கிறார். அங்க காப்புரிமை 2026 மார்ச் வரைதானாம், அதுக்குப் பிறகு விலை விழுமாம். போடலாமோ?

#21 இரவு ஷிஃப்ட்

அக்கா, மருந்து நல்ல மருந்துதான். சீனிக்கு 2017 கடைசியில அமெரிக்காவுல அனுமதி எடுத்தது, எடைக்கு 2021இல. எடைக்கான பெரிய ஆய்வுல 68 கிழமையில உடம்பு எடையில சராசரி 15 சதவீதம் அளவு குறைஞ்சது. நிப்பாட்டி ஒரு வருஷத்துல அதுல மூண்டுல ரெண்டு பங்கு திரும்பி வந்ததும் அதே ஆக்களுக்குத்தான். கொழுப்போட தசையும் கரையும், அதால புரதம் சாப்பிட வேணும், நடக்க வேணும். சத்தி, வயித்துப் பிரட்டு முதல்ல இருக்கும், அதாலதான் சின்ன அளவுல தொடங்கி மெல்ல மெல்லக் கூட்டுறது.

சிநேகிதர்ட பையில வர்றதுதான் எனக்குப் பயம். திறக்காத பேனை 2 தொடக்கம் 8 பாகைக்குள்ள இருக்க வேணும். ஐஸ் கட்டியோட ஒட்டி வந்து உறைஞ்சிருந்தா எறியத்தான் வேணும், பார்க்க நல்லாத்தான் இருக்கும். கணையத்துல வீக்கம் வந்த ஆளோ, குடும்பத்துல மெடுலரி வகைத் தைரொயிட் புற்றுநோய் இருக்கோ என்டும் டொக்டர் கேக்க வேணும். கண்ணின்ட பின்பக்கம் சீனியால பாதிச்சிருக்கா என்டும் முதல் பார்க்கிறது நல்லது.

இப்ப அவர் என்ன குளிசை குடிக்கிறார்?

#22 பம்பலப்பிட்டி புவனா

மெட்ஃபோமினும் கிளிக்ளசைட்டும். கிளிக்ளசைட் காலமையும் ராவும்.

#23 இரவு ஷிஃப்ட்

அப்ப டொக்டரைக் காணாமல் தொடங்க வேணாம். கிளிக்ளசைட்டும் இதுவும் சேர்ந்தா சீனி சட்டெண்டு விழலாம், அந்தக் குளிசையைக் குறைக்க வேண்டி வரும். கிளினிக் கொப்பியையும் கடைசி எச்பிஏ1சி (மூண்டு மாசச் சராசரிச் சீனி) ரிப்போர்ட்டையும் கொண்டு போங்கோ. ஊசி எழுதித் தந்தா, பேனையை ஃபிரிஜ்ஜின்ட நடுத் தட்டுல வையுங்கோ, ஃப்ரீஸருக்குக் கிட்ட வேணாம். திறந்த பேனையை 30 பாகைக்குக் கீழ வெளியிலயும் வைக்கலாம் என்டு தாள்ல எழுதியிருக்கும். பம்பலப்பிட்டி வெயிலுக்கு அதை நம்பி மேசையில வைக்காதீங்கோ.